மந்தீனாவும் மத்தி மணக்கும் ஆயர் நாற்காலியும்

நெப்போலியன் இத்தாலிக்கு எதிரே இருக்கிற எங்கள் கடற்கரைக்கு வந்த வருஷத்தில் மந்தீனா மட்டும் இருந்திருந்தால், அவன் சுத்மாரா கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றி, கால் கழுவி, குதிரைக்கும் கால் கழுவிவிட்டு, "உள்ளே வரலாமா அம்மா" என்று கேட்டிருப்பான். அவள் "யார் அனுப்பினா உன்னை?" என்று கேட்டிருப்பாள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவன் பாரிஸுக்கே திரும்பியிருப்பான். உலக வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். வெனிஸ்காரர்கள், துருக்கியர்கள், வியன்னாக்காரர்கள், பிளேக் நோய் எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்னாலேயே வந்து போய்விட்டது அவர்களுடைய நல்ல காலம்.

மந்தீனாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. எங்கள் பேராலயத்தின் கோயில்பிள்ளை, சாவி வைத்துக்கொண்டு கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்பவள். அதற்கு முன்னால் இருபது வருஷம் மத்தி டப்பா அடைக்கும் ஆலையில் இருந்தாள். மத்தியின் தலையைக் கிள்ளிப் போடுவதுபோலவே மனிதர்கள் பேச்சிலும் முதல் பாதியைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் மீதியைக் காதில் வாங்குவாள். "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு அக்கா" என்று யாராவது சொன்னால், இவனுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்று யோசிப்பாள்.

அவள் அப்படி இருப்பதற்கு ஊரும் ஒரு காரணம். சுத்மாராவில் இருப்பது தொள்ளாயிரம் பேர். கோயிலுக்குள் மூவாயிரம் பேர் நிற்கலாம். ஒரு காலத்தில் இது ஆயர், அதாவது பிஷப், இருந்த ஊர். சுவரில் நாற்பத்தாறு ஆயர்களின் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பிளேக்கில் செத்தார். ஒருவர் கடற்கொள்ளையருக்குப் பயந்து எதிர்த் தீவுக்கு ஓடிப்போய், அங்கேயே ஆடு வளர்த்துத் தங்கிவிட்டார். ஒருவர் வெனிஸ் தளபதியோடு மீன்வரிக்காகச் சண்டை போட்டு மூன்று வருஷம் கோயிலையே பூட்டிப்போட்டார். நாற்பத்தாறாவது பெயருக்குக் கீழே கல் மொட்டையாக நிற்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியிலிருந்து ஓர் ஓலை வந்தது. சுத்மாரா இனிமேல் தனி ஆயர் உள்ள மறைமாவட்டம் இல்லை, வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கிற நகரத்தோடு சேர்க்கப்பட்டது, அவ்வளவுதான். அந்த நகரத்தின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. "அங்கே" என்று தாடையால் காட்டுவார்கள்.

ஓலை வந்த மாதமே அங்கேயிருந்து படகு வந்தது. ஏட்டுப் பெட்டியை "படி எடுத்துட்டுத் தர்றோம்" என்று தூக்கிப்போனார்கள். வெள்ளி விளக்கை "மெருகு போட்டுத் தர்றோம்" என்றார்கள். ஆயரின் கோலுக்கு ஒன்றும் சொல்லவே இல்லை. மூன்றும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன, கண்ணாடிக்குப் பின்னால். ஆயர் நாற்காலியை மட்டும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர்ப் பெண்கள் அதை உப்புக்கிடங்கில், மத்திப் பீப்பாய்களுக்கு அடியில் இரண்டு வருஷம் புதைத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் தென்காற்று அடிக்கிற நாளில் நாற்காலியின் வாதுமைப் பலகையிலிருந்து உப்புமத்தி வாடை வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அது சாம்பிராணி.

ஆயர் நாற்காலி இருக்கிற கோயில்தான் பேராலயம். நாற்காலி போனால் அது வெறும் கோயில். இது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள், எங்கள் திருநாள். பூசை தொடங்குமுன் பெரிய கதவைத் திறந்து வைப்பார்கள். கோயில்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் வாசலில் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். பீடத்திலிருந்து சாமியார் கேட்பார்: "ஆயர் வந்தாரா?" வாசலிலிருந்து பதில் போகும்: "காணோம்." மறுபடியும் கேட்பார். "பாய்மரம் தெரியலை." மூன்றாவது தடவை கேட்டதும், "வழியில இருக்கார், நீங்க ஆரம்பிங்க." அதற்குப் பிறகுதான் மணி அடிக்கும். இருநூறு வருஷமாக ஆயர் வழியிலேயே இருக்கிறார். அந்தப் பதில் நிற்காதவரைக்கும் ஓலைக்கு ஊர் தலையாட்டவில்லை என்று அர்த்தம்.

பதிலைச் சொல்லிவந்தவர் மந்தீனாவின் புருஷன் லோவ்ரே. நல்ல தொண்டை. மந்தீனா நாற்காலியைத் துடைப்பாள், அவர் வாசலில் நிற்பார். இப்படியே பதினெட்டு வருஷம் போனது. போன பிப்ரவரியில் லோவ்ரே படகுத்துறையில் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு மந்தீனா சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் ஊரைப் பயமுறுத்தியது. அழுதிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பயல்கள், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் தூண்டில் கம்பை ஒளித்து வைத்ததைப் பார்த்துவிட்டு, பேசாமல் போனாள். தபால்காரர் பார்த்துல் ஒரு நாள் வேண்டுமென்றே அவள் கடிதத்தை ஓரம் கிழித்துக் கொடுத்தார், திட்டட்டும் என்று. "பரவாயில்லை" என்றாள். பார்த்துல் நேராக மதுக்கடைக்குப் போய், அக்கா சாகப்போறா என்று சொல்லி இரண்டு கோப்பை குடித்தார். ஆகஸ்டு நடுவில் அவள் கோயில் சாவிக்கொத்தை டொன் யாகோவின் மேஜைமேல் வைத்தாள். டொன் யாகோவ் எங்கள் பங்குச்சாமியார், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, பிறந்தது அங்கே. திருநாளுக்கு வேறு ஆளைப் பாருங்கள் சாமி, வாசலில் நின்றால் எனக்குத் தொண்டை வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. தடித்த வெள்ளைத்தாள், சிவப்பு மெழுகு முத்திரை. அங்கேயுள்ள ஆயர் இல்லத்திலிருந்து எழுதியதாகச் சொன்னது. சுத்மாராவில் உள்ள பழைய நாற்காலியில் செல்லு அரிப்பதாகத் தெரிகிறது, செப்டம்பர் ஆறாம் தேதி எங்கள் ஆள் வந்து அளவெடுத்து எடுத்துப்போவார், மருந்து அடித்து உரிய காலத்தில் திருப்பித் தரப்படும் என்று எழுதியிருந்தது.

இந்தக் கடிதம் பொய்க்கடிதம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே யாருக்கும் நாற்காலி ஞாபகமே இல்லை. எழுதியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மந்தீனா அதை வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். "உரிய காலத்தில்" என்ற இடத்தில் விரல் நின்றது. செருப்பைக்கூட மாற்றாமல் சாமியார் வீட்டுக்குப் போனாள். டொன் யாகோவ் கீரையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் மேஜையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"உங்களுக்கு இதுபத்தித் தெரியுமா சாமி?"

அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாக இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

"தெரிஞ்சவங்க அப்படித்தான் சொல்வாங்க."

"தெரியாதவன் எப்படிச் சொல்லணும் மந்தீனா?"

"தெரியாதவன் முதல்ல சாப்பாட்டை நிறுத்தியிருப்பான்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். டொன் யாகோவ் அதற்குப் பிறகு கரண்டியைக் கீழே வைத்தார், ஆனால் காலம் கடந்துவிட்டது.

அன்றிலிருந்து மந்தீனா பழைய மந்தீனா. இன்னும் ஒரு படி மேலேயே போனாள். நாற்காலியின் கால்களைப் பீடத்துக் கம்பியோடு வலைக்கயிற்றால் கட்டினாள், லோவ்ரே கற்றுக்கொடுத்த முடிச்சு, கத்தி இல்லாமல் அவிழாது. கடிதத்தை மடித்து நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகினாள், சாட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமாம். ஐஸ்கிரீம் கடைக்காரன் போன வருஷம் கோயில் கதவு எத்தனை அடி அகலம் என்று கேட்டது ஞாபகம் வந்து, அவனிடம் காரணம் விசாரித்தாள். கல்யாணத்துக்குப் பூவளைவு வைக்கக் கேட்டேன் என்றான். யார் கல்யாணம் என்றாள். என் கல்யாணம்தான் அக்கா, நீங்ககூட வந்தீங்களே என்றான். வந்தது ஞாபகம் இருந்தது, ஆனாலும் அவள் மனம் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்துல் முதற்கொண்டு ஊரே அவளுடைய கண்பார்வைக்குக் கீழே குறுகி நடந்தது. எல்லாரும் சந்தோஷமாகக் குறுகினார்கள்.

கடைசியில் பேக்கரிக்கு வந்து நைஸ் மாவு அரைக்கிலோ வாங்கினாள். அங்கே வேலை செய்யும் வின்கா, பதினேழு வயசு, நகரத்துப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள், கேக் செய்யவா அத்தை என்று கேட்டாள். மந்தீனா காசை வைத்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். அந்த மாவை நாற்காலி மெத்தைமேல் சல்லடையில் சலித்து, பனிபோல மெல்லிசாகத் தூவி வைத்தாள். எவன் உட்கார்ந்து பார்த்தாலும், எவன் அளவெடுக்கச் சாய்ந்தாலும், அவன் பின்பக்கம் சாட்சி சொல்லும்.

பொய் சொன்னால் ஆண்டவர் சில நேரம் அதை நிஜமாக்கிக் காட்டிக் கேலி செய்வார். செப்டம்பர் ஆறாம் தேதி மத்தியானம், நல்ல தென்காற்று. மந்தீனா பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு மனிதர் உள்ளே வந்தார். அறுபது வயசு இருக்கும், கட்டைகுட்டை, கருத்த முகம், அரைக்கைச் சட்டை, தூசி படிந்த செருப்பு. தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சுவரில் இருந்த நாற்பத்தாறு பெயர்களையும் வாய் அசைத்துப் படித்தார். மொட்டையாக இருந்த கல்லை விரலால் தடவினார். பிறகு நாற்காலிக்குப் போனார், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மந்தீனாவுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அவர் உட்கார்ந்தார். கைப்பிடியில் ஒரு சாண், இன்னொரு சாண் என்று கையை வைத்தார்.

துடைப்பம் முதலில் வந்தது, மந்தீனா பின்னால் வந்தாள்.

"எந்திரி. அது ஆயர் நாற்காலி."

அவருக்குப் பாஷை புரியவில்லை. "ஆயர்" என்ற சொல் மட்டும் பிடிபட்டது போலிருக்கிறது. நெஞ்சில் கைவைத்து, உடைந்த இத்தாலிய பாஷையில், ஆயர் நான்தான் என்றார்.

மந்தீனாவுக்கு அந்த அளவு இத்தாலிய பாஷை தெரியும். "அப்படியா, நான் போப்பாண்டவரோட சின்னம்மா," என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தாள். அவர் ஓடினார். வாசலைத் தாண்டும்போது அவர் கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. மந்தீனா அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள்.

அந்த மனிதர் அடுத்த படகுக்கு மூன்று மணி நேரம் இருந்ததால் பேக்கரி வாசலில் வந்து உட்கார்ந்தார். வின்கா காப்பி வைத்தாள். கோடையில் இத்தாலியர்களுக்கு ரொட்டி விற்றுப் பழகிய பாஷை அவளுக்குக் கொஞ்சம் உண்டு. பின்னால் மாவு இருக்கு என்றாள். அவர் சிரித்துவிட்டு, தட்டுவதற்காகப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அதோடு மோதிரம் ஒன்று கீழே விழுந்தது, ஊதாக்கல் வைத்த தடி மோதிரம்.

ரோமாபுரியில் ஒரு வழக்கம் உண்டாம். செத்துப்போன மறைமாவட்டத்தின் பெயரை அவர்கள் வீணாக்குவதில்லை. வேறெங்கோ உதவி ஆயராக இருப்பவருக்குப் பட்டமாகக் கொடுத்துவிடுவார்கள். ஊர் இல்லாத ஆயருக்கு, ஆயர் இல்லாத ஊர். இவர் எலூதேரியோ சோக்கே, பொலிவியா நாட்டு மலையூர்க்காரர், அந்த நாட்டில் ஓர் ஆயருக்கு உதவியாக இருக்கிறார். நாலு வருஷமாகப் பெயரளவில் சுத்மாராவின் ஆயர். ரோமுக்கு வந்த இடத்தில், நம்ம ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தனியாகக் கப்பலேறி வந்திருக்கிறார். அவர் நாட்டில் கடலே கிடையாது. கடற்கரையை அவர் பார்த்ததே அந்த வாரம்தான். யாருக்கும் சொல்ல வேண்டாம், அந்த அம்மா செய்தது சரி, நான் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்.

வின்காவின் முகம் மாவைவிட வெளுத்தது. ஓடிப்போய் டொன் யாகோவைக் கூட்டிவந்தாள். அவர் ரோமுக்குத் தொலைபேசியில் பேசினார், காகிதங்களைப் பார்த்தார், பிறகு பேக்கரி வாசலிலேயே மண்டியிட்டார். திருநாள்வரை இருந்துதான் போக வேண்டும் என்று கெஞ்சி அவரைத் தங்கவைத்தார்கள்.

மந்தீனாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. மோதிரம் கடையில் கிடைக்கும், காகிதம் அங்கே அச்சடிப்பார்கள் என்றாள். டொன் யாகோவ் பொறுமையாக விளக்கப்போக, அவள் சந்தேகம் பெரிதாகிக்கொண்டே போனது. வாசலில் நின்று பதில் சொல்ல மட்டும் ஒத்துக்கொண்டாள், அதுவும் வேறு யாரிடமும் அந்த இடத்தைக் கொடுக்கப் பயந்து. திருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் ரொட்டி வாங்க வந்தபோது, மனதில் இருந்ததை வின்காவிடம் போட்டு உடைத்தாள்.

"அவன் நிஜ ஆயராவே இருக்கட்டும்டி. அப்பதான் எனக்குப் பயமே. 'வந்துட்டார்'னு நான் ஒருவாட்டி சொல்லிட்டா, அடுத்த வருஷம் எதைக் கேப்பாங்க? காத்திருக்கறவங்க வீட்டு நாற்காலியை எவனும் தூக்க மாட்டான். காத்திருந்து முடிச்சவங்க வீட்டு நாற்காலி வெறும் மரச்சாமான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, லோவ்ரே இருந்தால் என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும் என்றாள். வின்கா ரொட்டியைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தாள். அத்தை, அந்தக் கடிதம் பொய் என்று சொல்ல வாயெடுத்து, இன்னொரு தாளைச் சுற்றினாள். ரொட்டி குழந்தைபோலப் பொதிந்து போனது.

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. அங்கேயிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். எலூதேரியோ வாசலுக்கு வெளியே, படியில் நின்றார். டொன் யாகோவின் அங்கியை இரவல் வாங்கிப் போட்டிருந்தார், டொன் யாகோவ் பனைமரம், இவருக்கு அது தரையைக் கூட்டியது. அவருக்கும் கோயிலுக்கும் நடுவில், வாசலை அடைத்துக்கொண்டு, கறுப்பு உடுப்பில் மந்தீனா.

"ஆயர் வந்தாரா?"

"காணோம்," என்றாள் மந்தீனா, எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்தபடியே. குரல் கரகரத்தது, ஆனால் பீடம்வரை போனது.

"ஆயர் வந்தாரா?"

"பாய்மரம் தெரியலை."

மூன்றாவது கேள்வி வந்தது. மந்தீனா பதில் சொல்லாமல், படியில் நின்ற வின்காவைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"கேளு இவரை. எடுத்துட்டுப் போக வந்தாரா, இருந்துட்டுப் போக வந்தாரா?"

வின்கா கேட்டாள். எலூதேரியோ யோசித்துவிட்டுச் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள். "ஒரு பூசை நேரம் உட்கார்ந்துட்டுப் போயிடுவாராம். தன் ஊர்லேயும் எல்லாத்தையும் யாராவது எடுத்துட்டுத்தான் போயிருக்காங்களாம். பக்கத்து நாட்டுக்காரங்க சண்டை போட்டுக் கடலையே எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்."

மந்தீனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கடலைப் பறிகொடுத்தவன் நாற்காலி திருட மாட்டான் என்று தோன்றியதோ என்னவோ. உள்ளே திரும்பினாள். லோவ்ரேயின் தொண்டை அவளுக்கு எங்கிருந்தோ வந்தது.

"வந்திருக்கார். சாப்பிட்டுட்டுப் போயிடுவார். அடுத்த வருஷமும் கேளுங்க."

மணி அடித்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் உட்காருமுன், தன் கைக்குட்டையால் மெத்தையைத் தானே துடைத்தாள். பூசை முடியும்வரை நாற்காலியின் பக்கத்திலேயே, துடைப்பம் இல்லாமல், ஆனால் துடைப்பம் இருக்கிற இடத்துக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். மத்தியானம் சுட்ட மத்தியும் அத்திப்பழ அடையும் அவருக்கு அவளே பரிமாறினாள். சாயங்காலப் படகில் அவர் போனார். அங்கி முழுக்க உப்புமத்தி வாடை என்று டொன் யாகோவ் இன்றைக்கும் சொல்கிறார்.

மொட்டைக் கல்லில் நாற்பத்தேழாவது பெயரை வெட்டலாமா என்று ஊர் இப்போது யோசிக்கிறது. மந்தீனா கூடாது என்கிறாள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கிறது.

இதோடு முடித்துவிடத்தான் இருந்தேன். ஆனால் டொன் யாகோவ், செல்லு மருந்துக் கடிதத்தை அங்கே அனுப்பி விளக்கம் கேட்கப்போவதாக நேற்றுப் பூசையில் அறிவித்தார். அதனால் இன்று காலை, மந்தீனா மீன் வாங்கப் போன நேரத்தில், கோயிலுக்குப் போய் மெத்தைக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்தேன். ஆமாம், வின்கா நான்தான். எடுத்த கையோடு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன், எப்படி இருக்கும் என்று. பிறகு பேக்கரி அடுப்பில் கடிதத்தைப் போட்டேன். மாவெல்லாம் பொலிவியாக்காரரோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது மந்தீனா கடைக்கு வந்தாள். ஒரு ரொட்டி கேட்டாள். எடுக்க நான் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் சில்லறை எண்ணுகிற சத்தம் நின்றது.

"பேக்கரியில வேலை செய்யறவளுக்கு மாவு முன்னாடி ஒட்டும்," என்றாள். "உனக்கு ஏண்டி பின்னாடி ஒட்டியிருக்கு?"